நாலாம் லைன் ரேடியோவும் என் இங்கிலீஷும்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரொறன்ரோ தலைமையகத்திலிருந்து வந்திருந்த பெரிய மனேஜர். வெள்ளைச் சேட்டு, கையை மடித்து விட்டிருந்தார். பிரெஞ்சு தெரியாது.

தரக் கட்டுப்பாட்டுப் பகுதித் தலைவி மடம் லிசெத். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார்.

ஆட்களை வேலைக்கு எடுக்கிற, நிறுத்துகிற ஆட்கள் பகுதிப் பெண். பெயர் நினைவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் சுப்பவைசர் ஜெரார்.

சறோ அக்கா. லைனில் என்னோடு வேலை செய்பவர். யாழ்ப்பாணம். எனக்கு மொழிபெயர்க்க என்று கூட்டி வந்திருந்தார்கள்.

பிறகு நான்.

கீழே சாமான் ஏற்றும் வாசலில் ஒரு லொறி நின்றது. அதற்குள் நாங்கள் அன்று காலை போத்தலில் அடைத்த இரத்த அழுத்த மாத்திரை. அந்த லொறி போகலாமா, கூடாதா என்பதுதான் பேச்சு. நான் வேலையில் இருக்கலாமா, கூடாதா என்பதும் அதற்குள் இருந்தது.

நான் எழுதுகிற ஆள் இல்லை. மட்டக்களப்பில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஏன் முடிந்தது என்பது இங்கே தேவையில்லை. மொன்றியலுக்கு வந்து சென்ட் லோரன்டில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். இப்போது ஓய்வு. ரொக்ஸ்பரோவில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

எழுத வைத்தவள் தர்ஷினி. சென்னைப் பிள்ளை. அதே தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. போன மாதம் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தாள். லைன் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் நிரப்ப வேண்டிய தாள். ஆங்கிலத்தை எங்கே கற்றீர்கள் என்று ஒரு கேள்வி. பள்ளிக்கூடம், கல்லூரி, மொழி நிலையம் என்று மூன்று கட்டம். இரண்டாம் லைனில் ஒரு பெண் மூன்றையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் "ரேடியோ" என்று எழுதிக் கொடுத்தாளாம். அலுவலகத்தில் சிவப்புப் பேனையால் வெட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"ரேடியோல கத்துக்கிட்டதெல்லாம் கணக்குல வராதாம் ஆன்ட்டி" என்றாள் தர்ஷினி. "நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்கன்னு எழுதிக் குடுங்க. நம்ம தமிழ்ச் சங்க மலர்ல போடச் சொல்றேன்."

இரண்டு நாள் யோசித்தேன். கணக்கில் வராதாம். வரும். எழுதுகிறேன்.

வேலை பழகியது மூன்று நாள். தலைக்கு வலை, கைக்கு உறை, மோதிரம் கழற்று, தோட்டைக் கழற்று. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. நாலாம் நாள் என்னை நாலாம் லைனில் விட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அதிலேயே நின்றேன்.

லைன் என்பது ஒரு நீளமான பெல்ட். தலைப்பில் வெறும் போத்தல் ஏறும். எண்ணுகிற மெஷின் மாத்திரையைக் கொட்டும். லிண்டா என்ற பிலிப்பீன்ஸ்காரி மூடி இறுகியிருக்கிறதா என்று பார்ப்பாள். அடுத்தது நான், லேபல் மெஷினில். கடைசியில் சறோ அக்கா போத்தலை எடுத்துப் பெட்டியில் அடுக்குவார். லேபல் மெஷினுக்கு மேலே ஒரு தட்டு. தட்டில் ஒரு ரேடியோ. கம்பியால் கட்டியிருந்தது. அதைத் திருகும் உரிமை ஜெராருக்கு மட்டும்.

ஜெராரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லொங்குய்ய் ஆள். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து மஞ்சள் லைன் மெத்ரோ பிடித்து, மாறி, பஸ் பிடித்து வருவார். எங்களில் யார் எத்தனை மணிக்கு வந்தாலும் அவர் முன்னுக்கு நிற்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பெல்ட் இரைச்சலில் வாய் எதற்கு என்று விரலால் பேசுவார். ஒரு விரல் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் மெதுவாக விடு. சுட்டு விரலைச் சுழற்றினால் புது உருளை போடு. வாய் திறந்தால் முதற்சொல் "எக்கூத்". கேள் என்று அர்த்தம். சாப்பாட்டை நின்றபடி சாப்பிடுவார். யாராவது அழுதால் ஏன் என்று கேட்க மாட்டார். போய் ஒரு கோப்பி எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். தாள் வேலை பிடிக்காது. தாள் மாத்திரை அடைக்காது என்பார்.

காலை ஒன்பது மணி வரை ரேடியோ பிரெஞ்சு. செய்தி, பாலத்தில் வாகன நெரிசல், பனி எத்தனை சென்ரிமீற்றர். ஒன்பதானதும் ஜெரார் வந்து திருகுவார். இங்கிலீஷ் பாட்டு. வேலை முடியும் வரை அதுதான். இந்த மாகாணத்தில் வேலையிடத்து மொழி பிரெஞ்சு, ஆகவே பிரெஞ்சு வானொலி மட்டுமே வைக்க வேண்டும் என்று மேலேயிருந்து ஒரு தாள் வந்தது. அதை வாசித்தார். நாலாக மடித்தார். ரேடியோ ஆடாமல் இருக்க அதன் ஒரு காலுக்கு அடியில் வைத்தார். தான் பிறந்த மொழி அது, அதற்குத் தனக்கு யாரும் காவல் போடத் தேவையில்லை என்று லிண்டாவிடம் சொன்னாராம்.

அவருடைய இங்கிலீஷும் அந்த ரேடியோவில் வந்ததுதான். பின்னால்தான் அது எனக்குத் தெரிந்தது.

பிரெஞ்சு படிக்கவில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படித்தேன். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், மாலை வகுப்பு. பொன்ஜூர், மெர்சி, டெபனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்குகிற அளவு வந்தது. பிறகு ஷிப்ட் மாற்றினார்கள். வகுப்பு நின்றது. ரேடியோ நிற்கவில்லை. வகுப்புக்கு நான் போக வேண்டும். ரேடியோ நான் நிற்கிற இடத்துக்கு வந்தது. அவ்வளவுதான்.

ஒரு பாட்டு ஒரு ஷிப்டில் நாலு தரம் வரும். மாதத்துக்கு எண்பது தரம். ஒரு வசனத்தை எண்பது தரம் முகம் சுளிக்காமல் சொல்லித் தந்த வாத்தியார் எனக்கு வேறு யாரும் இல்லை. அதுவும் இழுத்து இழுத்து, சொல்லைப் பிரித்துப் பிரித்துச் சொல்லித் தருகிற வாத்தியார்.

செய்த விதம் இது. உடைந்த பெட்டியின் அட்டையைக் கிழித்து வைத்திருப்பேன். பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற சொல்லை, லேபல் உருளை மாற்ற மெஷின் நிற்கிற நாலு நிமிடத்தில், தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதுவேன். கோப்பி நேரத்தில் லிண்டாவிடம் காட்டுவேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்ட, அவள் செய்து காட்டுவாள். "பிரேக் அப்" என்றால் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியை மேசையின் அந்தத் தலைப்புக்குத் தள்ளுவாள். "கிவ் அப்" என்றால் இரண்டு கையையும் தொங்கப் போட்டு நாற்காலியில் சரிவாள். "பிஹைன்ட் மை பேக்" என்றால் எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய் என் பிஸ்கட்டை எடுத்துத் தின்பாள். அப்படிப் படித்ததை மறக்க முடியாது. அட்டையில் எழுதினதை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு கொப்பிப் புத்தகத்தில் பதிவேன்.

ஒரு குறை இருந்தது. பாட்டில் எல்லாச் சொல்லும் வராது. போகாதே, இரு, பொய் சொல்லாதே, போதும், இனி முடியாது, என் கண்ணைப் பார், உண்மையைச் சொல். இவை நாள் முழுக்க வரும். திருகாணி வராது. பசை வராது. படி, வாளி, தும்புத்தடி ஒன்றும் வராது. ஆகவே இரண்டு வருடத்தில் ஒருவனை விட்டுப் பிரிவதற்கு வேண்டிய இங்கிலீஷ் முழுதும் என்னிடம் இருந்தது. மெஷின் பழுது என்று சொல்ல இல்லை. ஒரு நாள் பசை வற்றி லேபல் உரிந்து விழுந்தது. ஜெராரிடம் போய், அது பிடித்துக்கொள்ள மாட்டேன் என்கிறது, என்னை விட்டுவிட்டுப் போகிறது என்று பாட்டில் வருகிறபடி சொன்னேன். அவர் லேபலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். பிறகு மெஷினைக் காட்டினேன். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்ல முந்தி. பாட்டில் எல்லோரும் எல்லோரையும் "பேபி" என்றுதான் அழைக்கிறார்கள். அது மரியாதைச் சொல் என்று நினைத்திருந்தேன். தொழிற்சாலை மனேஜர் ஒரு நாள் லைனுக்கு வந்து எல்லாம் சரியா என்று கேட்டார். "யெஸ் பேபி" என்றேன். லைன் நின்றுவிட்டது. லிண்டா பெல்ட்டில் தலையை வைத்துச் சிரித்தாள். மனேஜர் கோபிக்கவில்லை. லிண்டா விளக்கிய பிறகு நானும் வெட்கப்படவில்லை. தெரியாத சொல்லைச் சொன்னவள் நான். தெரிந்த சொல்லையும் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறவர்கள் அந்தத் தளத்தில் முப்பது பேர் இருந்தார்கள்.

சறோ அக்கா விடவில்லை. அவர் ஊரில் இங்கிலீஷ் மீடியம் படித்தவர்.

"உன்ரை இங்கிலீஷிலை ஆரும் ஆரையும் விட்டிட்டுப் போகத்தான் ஏலும்" என்றார். "ஒரு கிலோ வெங்காயம் வாங்கேலாது."

"வெங்காயம் தமிழ்க் கடையில வாங்கலாம் அக்கா" என்றேன். "விட்டுட்டுப் போறதத்தான் இங்கிலீஷில சொல்லணும்."

நட்பு குறையவில்லை. மதியம் அவருடைய புட்டில் பாதி எனக்குத்தான்.

இனி லேபல். இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

லேபல் பெரிய உருளையாக வரும். நடுவில் கடதாசிக் குழல். குழலின் உட்பக்கத்தில் மருந்தின் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் முத்திரை குத்தியிருக்கும். ஒரு மருந்து முடிந்து அடுத்தது தொடங்க முன் லைனை முழுதாகத் துடைக்க வேண்டும். பெல்ட்டின் அடி, மெஷினின் உள், குப்பைத் தொட்டி. ஒரு மாத்திரை, ஒரு மூடி, ஒரு லேபல் கிடக்கக் கூடாது. ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைப்பார். இன்னொருவர் திரும்பப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். உருளையில் மீதி இருந்தால் உறையில் போட்டு ஒட்டி மேலே களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டும். கெட்டுப்போன லேபலை ஒவ்வொன்றாகத் தாளில் ஒட்டி எண்ண வேண்டும். புத்தகத்தில் இருந்தது இப்படி.

லைனில் நடந்தது வேறு. நடுவில் லேபல் முடிந்தால் புது உருளைக்குத் தாள் எழுதி மேலே அனுப்ப வேண்டும். களஞ்சியக்காரர் கோப்பி குடிக்கப் போயிருந்தால் அரை மணி. அதனால் மீதி உருளைகளை மேலே அனுப்ப மாட்டோம். மெஷினுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்து அதில் கொழுவி வைப்போம். லேபல் முடிந்தால் ஆணியிலிருந்து ஒன்றை எடுத்து, அதன் தலைப்பை ஓடுகிற லேபலின் வாலோடு டேப்பால் ஒட்டிவிடுவோம். புது உருளை வரும் வரை லைன் ஓடும். கெட்டுப்போன லேபலை யாரும் எண்ணுவதில்லை. குவியலைப் பார்த்து ஒரு தொகை போடுவோம். எல்லா லைனிலும் ஆணி இருந்தது. எல்லோருக்கும் தெரியும். ஜெராருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அது கமரா இல்லாத பழைய மெஷின். இப்போது ஒவ்வொரு லேபலையும் கமரா பார்க்கிறது. அப்போது என் இரண்டு கண்தான்.

அன்று ஓடியது பத்து மில்லிகிராம். காலை பத்தரை போல லேபல் முடிந்தது. களஞ்சியக்காரரைக் காணவில்லை. லொறி இரண்டு மணிக்கு. ஜெரார் விரலை ஆணிப் பக்கம் காட்டினார். எடுத்தேன். நிறத்தைப் பார்த்தேன், நீலம். மருந்தின் பெயரைப் பார்த்தேன், அதே பெயர். ஒட்டினேன். லைன் ஓடியது.

பன்னிரண்டரைக்கு லைனைத் துடைத்தேன். குப்பைத் தொட்டியில் நாலு குழல். ஒவ்வொன்றாக உள்ளே பார்த்தேன். புத்தகத்தில் இருக்கிறது, நான் எப்போதும் பார்ப்பேன். மூன்றில் பத்து. ஒன்றில் ஐந்து.

அதே மருந்து, ஐந்து மில்லிகிராம். நீலத்தில் ஒரு பிடி வெளிறல். எண் சின்ன எழுத்து. ஐந்து என்று ஒட்டிய போத்தலுக்குள் பத்து இருக்கிறது. ஐந்து குடிக்க வேண்டிய ஆள் பத்தைக் குடிப்பார். எழுந்து நிற்கையில் தலை சுற்றும். படியில் நின்றால் விழுவார்.

ஜெராரிடம் கொண்டுபோனேன். குழலை வாங்கி உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எக்கூத்" என்றார். இது நேற்றைய குழலாக இருக்கும் என்றார். நேற்று ஐந்து ஓடியது உண்மை. இன்று காலை தொட்டியை வெறுமையாக்கியது நான் என்றேன். அவருக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் ஒரு தவறுக்கு எழுத்தில் எச்சரிக்கை வாங்கியிருந்தார். இரண்டாவது வந்தால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். லைனைத் துடைத்ததற்கான தாளை நீட்டி நான் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார்.

"ட்ரஸ்ட் மீ, மனோ" என்றார்.

அந்தச் சொல் என் கொப்பியில் இருந்தது. எத்தனையோ பாட்டில் வந்த சொல். அதைச் சொன்னவன் கடைசி வரை சொன்னபடி நின்றதாக ஒரு பாட்டும் நான் கேட்டதில்லை. தாளை மேசையில் வைத்தேன். கையெழுத்து வைக்கவில்லை. படியேறி மடம் லிசெத்திடம் போனேன். லொறியை நிறுத்தச் சொன்னேன். "ஸ்டொப்" எனக்கு நன்றாகத் தெரிந்த சொல்.

அப்படித்தான் ஆறு பேரும் அந்த அறையில் இருந்தோம். ரொறன்ரோ மனேஜர் அன்று வேறு வேலையாக வந்திருந்தார். அது என் பாக்கியமோ ஜெராரின் கெட்ட காலமோ தெரியாது.

முதலில் ஜெரார் பேசினார். பிரெஞ்சில். மடம் லிசெத் மனேஜருக்கு இங்கிலீஷில் சொன்னார். மனோ நல்ல வேலைக்காரி, இன்று களைத்துப்போனாள், குழல் பழையது. சொல்லிவிட்டுக் குழலை ஜெராரே மேசையில் வைத்தார். அதை அவர் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

மனேஜர் என்னைப் பார்த்தார். சறோ அக்காவிடம், இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

தமிழில் சொன்னேன். ஒட்டியது நான். தொட்டி காலையில் வெறுமையாக இருந்தது. இந்தக் குழல் நான் ஒட்டிய உருளையின் குழல். பெட்டியைத் திறந்து பாருங்கள்.

சறோ அக்கா என் பக்கம் குனிந்தார். "எடி, இது விளையாட்டில்லை" என்றார். "அந்தப் பெட்டியளை அடுக்கினது நான். உன்னை மட்டுமில்லை, என்னையும் சேத்து வீட்டை அனுப்புவினம்." பிறகு நிமிர்ந்து மனேஜருக்குச் சொன்னார். நல்ல இங்கிலீஷ். மெதுவான குரல். மேபீ ஒரு சின்னத் தவறு நடந்திருக்கலாம் என்று இவள் நினைக்கிறாள், மேபீ இல்லை, நிச்சயமில்லை.

மற்றச் சொற்கள் எனக்குப் பாதி விளங்கின. "மேபீ" முழுதாக விளங்கியது. பாட்டில் ஒருவன் வருவேன், மேபீ என்று பாடினால் அவன் வரமாட்டான். எண்பது தரம் கேட்டவள் நான்.

"நோ மேபீ" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். சறோ அக்கா என் கையைப் பிடித்தார். மெதுவாக எடுத்து அவர் மடியில் வைத்தேன். எழுந்து நின்றேன். நின்றுதான் எனக்கு வேலை செய்து பழக்கம்.

"ஐ டிட் இட்" என்றேன். "மை ஹேண்ட்ஸ்." சறோ அக்காவைக் காட்டினேன். "நொட் ஹெர் ஹேண்ட்ஸ். மை ஹேண்ட்ஸ்."

ஆட்கள் பகுதிப் பெண்ணின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பார்த்தேன். வரட்டும் என்று விட்டேன். உருளை, குழல், களஞ்சியம் என்பதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. குழலைத் தூக்கிக் காட்டினேன். டேப் ஒட்டுவதைக் கையால் செய்து காட்டினேன். அதற்கு மேல் எனக்கு வேண்டியிருந்த சொல் எல்லாம் பாட்டில் இருந்தது. பொய். உண்மை. போதும். என் முதுகுக்குப் பின்னால். ஒரு முடிவுக்கு வா. அலுவலகக் கடிதத்தில் இந்தச் சொற்கள் வராது. அங்கே, அறியத் தருகிறோம், வருந்துகிறோம் என்றுதான் வரும். அந்த இங்கிலீஷைப் படித்திருந்தால் அன்று நானும் வருந்தியிருப்பேன்.

ஜெரார் பக்கம் திரும்பினேன். "லுக் இன் மை ஐஸ்" என்றேன். "யூ நோ இட்ஸ் ட்ரூ."

அவர் மேசையைப் பார்த்தார்.

மனேஜரிடம், "மேக் அப் யுவர் மைண்ட்" என்றேன். "டோன்ட் லெட் தெம் டவுன். சம்படி வில் ஃபோல்." யார் விழுவார் என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த மாத்திரையைக் குடிக்கிற யாரோ.

மனேஜர், இங்கிலீஷ் எங்கே படித்தாய் என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரோ தெரியாது.

"ஃப்ரொம் ஹிஸ் ரேடியோ" என்றேன். விரலால் ஜெராரைக் காட்டினேன்.

ஜெரார் தலையை நிமிர்த்தவில்லை. காது சிவந்திருந்தது.

மனேஜர் சொன்னதை மடம் லிசெத் எனக்கு மெதுவாகத் திருப்பிச் சொன்னார். சறோ அக்காவை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. பெட்டிகளை இறக்கித் திறக்கலாம். திறந்தால் இன்றைய லொறி போகாது. மருந்துக் கடைகள் காத்திருக்கின்றன. உள்ளே ஒன்றும் இல்லை என்றால் அந்தப் பொறுப்பு முழுதும் உன்னுடையது, நாளை நீ வரத் தேவையில்லை. சம்மதமா?

"ஓம்" என்றேன். பிறகு நினைவு வந்து "யெஸ்" என்றேன்.

நூற்று இருபது பெட்டி. பெட்டிக்குப் பன்னிரண்டு போத்தல். பெட்டிகளில் வரிசை இலக்கம் கிடையாது. ஏற்றும்போது மாறிக் கலந்துவிட்டன. ஆகவே எல்லாவற்றையும் திறக்க வேண்டும். சாமான் வாசலில் நீளமாக இரண்டு மேசை போட்டார்கள். அறையில் இருந்த எல்லோரும் கீழே வந்தோம். மனேஜரும் வந்தார். லிண்டாவும் வந்தாள், அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஜெரார் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தார். யாரும் சொல்லவில்லை. முதற் பெட்டியை அவர்தான் வெட்டினார். சறோ அக்கா போத்தலை வெளியே எடுத்தார். மடம் லிசெத் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு லேபலைப் பார்த்தார். நான் பார்க்கக் கூடாது என்றார்கள். இரண்டு அடி தள்ளி நின்றேன்.

இருபது பெட்டி. ஒன்றும் இல்லை. நாற்பது. ஒன்றும் இல்லை. ஐம்பதாவது பெட்டியில் ஆட்கள் பகுதிப் பெண் என் தொழிலாளர் இலக்கத்தைக் கேட்டாள். சொன்னேன். எழுதினாள். வேலையை நிறுத்துகிற கடிதத்துக்கு என்று விளங்கியது. லிண்டா என் பக்கத்தில் வந்து நின்றாள். வாசல் திறந்திருந்தது. குளிர் உள்ளே வந்தது. எனக்குப் பயம் இருந்ததா என்று பின்னால் மகள் கேட்டாள். இருந்தது. ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் இல்லை. அது உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அறுபது பெட்டியோடு களைத்து நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.

அறுபத்தெட்டாவது பெட்டியை ஜெரார் வெட்டினார். மூடியை விரித்தார். சறோ அக்கா கையை நீட்ட, அவர் தடுத்தார். தானே ஒரு போத்தலை எடுத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். மடம் லிசெத்திடம் கொடுக்கவில்லை. நேரே மனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"ஷி இஸ் ரைட்" என்றார். "ஐ வோஸ் ரோங்." ரேடியோ இங்கிலீஷ்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா லைனிலும் ஆணியைப் பிடுங்கினார்கள். என்னை மூன்று நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருத்தினார்கள். சரிதான். ஒட்டியது என் கை. ஜெராரைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். வேலையை எடுக்கவில்லை. ஐந்து மாதத்தில் முழு ஓய்வூதியத்தோடு போனார். போகிற நாளில் லைனுக்கு வந்து எனக்குக் கை கொடுத்தார். சறோ அக்கா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை புட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார். அதற்கு அடுத்த வருடம் என்னை லைன் பொறுப்பாளராக்கினார்கள். தாள் ஒன்றும் நிரப்பவில்லை. அப்போது கட்டம் கிடையாது.

இரண்டாம் லைனில் "ரேடியோ" என்று எழுதிய பெண்ணை எனக்குத் தெரியாது. அவளுக்கு ஒன்று சொல்கிறேன். அதை வெட்டினால் திரும்ப எழுது. திரும்ப வெட்டினால் திரும்ப எழுது. படித்த இடத்தைச் சொல்ல வெட்கப்படாதே. எனக்கு இங்கிலீஷ் படித்த சான்றிதழ் ஒன்றும் இல்லை. இலக்கணம் இன்றைக்கும் சரியில்லை. மகளின் பிள்ளைகள் திருத்துவார்கள். திருத்தட்டும். வேண்டிய நாளில் வேண்டிய சொல் என் வாயில் இருந்தது. அந்த அறையில் நல்ல இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். லொறியை நிறுத்தியது அவர்களுடைய இங்கிலீஷ் இல்லை.

அன்று நூற்று இருபது பெட்டியும் திறந்து முடிய மணி நாலு. லொறி வெறுமையாகப் போனது. ஐந்து என்று லேபல் ஒட்டிய போத்தல்களை மடம் லிசெத் தனி மேசையில் வரிசையாக நிறுத்தினார். விரலால் ஒவ்வொரு மூடியையும் தொட்டுப் பிரெஞ்சில் எண்ணினார். மனேஜர் இங்கிலீஷில் எண்ணினார். நான் தமிழில் எண்ணினேன். மூன்றும் ஒத்து வந்தது.

நாற்பத்து மூன்று.